பார்த்தெழுதும் பந்தி: ஆங்கில வாசிப்புக் கிரகித்தல் பற்றி ஒரு மீள்பார்வை

திருகோணமலை மாவட்டத்துப் பாலம்போட்டாற்றில் வீதிக்குப் பின்புறம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டில். பின்னேரம் நாலரைக்கு அங்கே ஆங்கில வகுப்பு. சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் பதினைந்து பிள்ளைகள், வழிகாட்டிப் புத்தகம் ஒன்றிலிருந்து போட்டோக்கொப்பி எடுத்த தாள்கள், கூரையில் வேப்பம்பழம் விழும் சத்தம். வகுப்பு நடத்துகிறவர் காய்ச்சலில் படுத்துவிட, அன்றைக்கு என்னை இருத்திவிட்டார்கள். பந்தி லண்டன் நிலக்கீழ் ரயிலைப் பற்றியது. ஒரு கிழவர் ரயிலைத் தவறவிடுகிறார். ஏன் தவறவிட்டார் என்று கேள்வி. முன்வாங்கில் இருந்த பிள்ளை பந்தியிலிருந்து ஒரு வரியை அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். விடை சரி. இரண்டு புள்ளி.

"கிழவர் ஏன், மகள், ரயிலை விட்டவர்?" என்று தமிழில் கேட்டேன்.

பிள்ளை வெட்கத்தோடு சிரித்தாள். "அது தெரியாது சேர். ஆனா விடை அதுதான்."

அவள் பொய் சொல்லவில்லை, குறும்பும் செய்யவில்லை. ஆங்கில வாசிப்பில் நாங்கள் கொடுக்கும் பயிற்சி எதைப் பழக்குகிறதோ அதை அவள் பிசகில்லாமல் பழகியிருந்தாள். அது என்ன, எங்கிருந்து வந்தது, வேறு இடங்களில் எப்படி நடக்கிறது, அதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

இலங்கைப் பாடசாலைகளில் இதற்குப் பெயர் கிரகித்தல். தமிழ்நாட்டில் சொன்னால் விளங்காது. இங்கே ஐந்தாம் தரத்துப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். பற்றிப் பிடிப்பது என்பது அதன் வேர்ப்பொருள். கிரகணமும் அதே வேரில் வந்ததுதான். ஆங்கிலப் பாடத்தில் பிள்ளைகளுக்கு நடப்பது இரண்டில் எது என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு.

பார்த்தெழுதும் வித்தை எவ்வளவு சுலபம் என்பதை வாசகர் தாமே செய்து பார்க்கலாம். இதோ ஒரு பந்தி: "நேற்று விடியற்காலை ஒரு கிம்பலன் தொவரையில் மிசுக்கிக்கொண்டிருந்தது. அதன் பளிமை கெட்டுப்போனதால் ஊரவர் எல்லோரும் நிகைந்தார்கள்." கேள்விகள் மூன்று. கிம்பலன் எங்கே மிசுக்கியது? எப்போது மிசுக்கியது? ஊரவர் ஏன் நிகைந்தார்கள்? மூன்றுக்கும் விடை எழுதி ஆறு புள்ளியும் வாங்கிவிடுவீர்கள். கிம்பலன் மிருகமா பாத்திரமா என்பது உங்களுக்கும் தெரியாது, எழுதிய எனக்கும் தெரியாது. 'இல்' என்ற உருபும் 'ஆல்' என்ற உருபும் விடையைக் கையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டன. ஆங்கிலத்தில் அந்த வேலையை 'வெயார்', 'வென்', 'பிகோஸ்' ஆகிய சொற்கள் செய்கின்றன. கேள்வியில் உள்ள சொல்லைப் பந்தியில் தேடு, அந்த வரியைத் தூக்கி எழுது. ரியூசன் கொட்டில்களில் வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கப்படும் சூத்திரம் இவ்வளவுதான்.

இது ஒரு கெட்ட ஆசிரியர் கண்டுபிடித்த குறுக்குவழி என்று நினைத்துவிடக் கூடாது. பரீட்சை அதை அனுமதிக்கிறது. க.பொ.த. சாதாரண தர ஆங்கிலம் இரண்டு வினாத்தாள் கொண்டது. முதலாவதற்கு ஒரு மணித்தியாலம், இரண்டாவதற்கு இரண்டு மணித்தியாலம். படத்துக்குச் சொல் பொருத்துவது, இடைவெளி நிரப்புவது, குறிப்பு எழுதுவது, கடிதம், கட்டுரை என்று பல துண்டுகளாகப் பிரிந்த சோதனைகளுக்கு நடுவே இரண்டு மூன்று வாசிப்புப் பந்திகள் வந்து போகும். சித்திக்கு 35 புள்ளி போதும். பொருத்தலிலும் நிரப்பலிலும் பொறுக்கியதோடு பந்தியில் தூக்கி எழுதியதையும் சேர்த்தால் ஒரு 'எஸ்' கரை சேர்ந்துவிடும். பெற்றோர் ஆறுதலடைவார்கள், அறிக்கையில் பாடசாலையின் சித்தி வீதமும் ஏறும். தமிழ்ப் பாடத்துக் கிரகித்தலிலும் இதே பழக்கம் இருக்கிறது. தமிழ் பிள்ளையின் சொந்த மொழியாக இருப்பதால் அங்கே நோய் வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான்.

உயர்தரத்துக்குப் போனால் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் உண்டு. பல்கலைக்கழக அனுமதிக்கு அதன் பெறுபேறு கணக்கில் எடுக்கப்படாது. கணக்கில் வராததற்கு எந்தப் பிள்ளை நேரம் கொடுக்கும்? பௌதிகத்தையும் இரசாயனத்தையும் தமிழில் கரைத்துக் குடித்துவிட்டு மருத்துவ பீடத்துக்கோ பொறியியல் பீடத்துக்கோ போகிற பிள்ளை, அங்கே முதல் கிழமையிலேயே எண்ணூறு பக்க ஆங்கிலப் புத்தகத்தின் முன்னால் உட்கார்கிறது. 150 சொல் பந்தியிலிருந்து எண்ணூறு பக்கத்துக்குத் தாவ வேண்டும். இடையில் படிக்கட்டு ஒன்றும் இல்லை.

எங்கள் ஊரான தம்பலகாமத்துக்குப் பக்கத்தில் சீனன்குடா இருக்கிறது. அங்கே விமானத்தளமும் எண்ணெய்த் தாங்கிகளும் உண்டு, சீனர் மட்டும் இல்லை. ஆனாலும் இந்த விடயத்தில் உண்மையான சீனாவைப் பார்த்தால் நமக்கு உதவும், ஏனென்றால் வாசிப்புக் கிரகித்தலை ஒரு பெருந்தொழிலாகவே ஆக்கிய நாடு அது. ஜூன் மாதத்தில் நடக்கும் 'காவ்காவ்' என்ற பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு 150 புள்ளி. புதிய முறை வினாத்தாளில் அதில் 50 வாசிப்புக்கு மட்டும். நான்கு பந்திகளுக்குப் 15 பல்தேர்வுக் கேள்விகள். பிறகு ஐந்து வசனங்கள் பிடுங்கப்பட்ட ஒரு பந்தி. கீழே கொடுத்திருக்கும் ஏழு வசனங்களில் எந்த ஐந்து எங்கே பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தக் கடைசிச் சோதனை எனக்குப் பிடிக்கும். சொல்லைத் தேடி வரியைத் தூக்கும் வித்தை அங்கே அதிக தூரம் போகாது. முன் வசனம் பின் வசனத்துக்கு எப்படிக் கைகொடுக்கிறது என்று பார்க்காமல் தப்ப முடியாது.

என்றாலும் சீனப் பிள்ளைகளும் ஆட்கள்தானே. மூன்று தெரிவுகள் நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருந்தால் குட்டையைத் தெரிவு செய், மூன்று குட்டையாகவும் ஒன்று நீளமாகவும் இருந்தால் நீளத்தைப் பிடி என்று அவர்களிடையே ஒரு வாய்பாடு உலவுகிறது. ஆயிரக்கணக்கான கேள்விகளைச் செய்து செய்தே பரீட்சையைக் கடப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரை 'வினாக்கடல் உத்தி' என்று தமிழில் சொல்லலாம். அங்குள்ள கல்வியாளர்களே அதைத் திட்டித் தீர்க்கிறார்கள். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. அந்தக் கடலுக்கு அடியில் அவர்களுக்கு ஒரு தரை இருக்கிறது: உயர்நிலைப் பாடசாலை முடியும்போது மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆங்கிலச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று பாடத்திட்டமே தொகை சொல்கிறது, பட்டியலும் கொடுக்கிறது. நாங்கள் அவர்களுடைய கடலை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம், தரையை விட்டுவிட்டோம்.

நமக்கு என்று ஒரு வாசிப்பு மரபு இருந்ததில்லையா? இருந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய செமினரியில் ஆங்கிலமும் தமிழும் ஒரே கூரையின் கீழ் ஊன்றிப் படிக்கப்பட்டன. அங்கே படித்த சி.வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவரானார். பிறகு ஏட்டுச்சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். மானிப்பாயில் இருந்த டாக்டர் கிறீன் மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கியது அந்தச் சூழலில்தான். இரு மொழிக்கும் இடையே போய்வருகிறவன் பந்தியைப் பார்த்தெழுதித் தப்ப முடியாது. பொருள் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பு அங்கேயே நின்றுவிடும். பின்னாளில், மொழிபெயர்ப்பு என்றாலே பழைய பஞ்சாங்கம், ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே படிப்பிக்க வேண்டும் என்ற கொள்கை வந்து அந்தக் கதவைச் சாத்திவிட்டது. கொள்கை வந்த நாடுகளில் அதற்கு நியாயம் இருந்திருக்கலாம். நாற்பது பிள்ளைகளும் தமிழில் யோசிக்கிற ஒரு வகுப்பில் தமிழை வாசலுக்கு வெளியே நிறுத்துவது, கிணற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு பவுசர் தண்ணீருக்குக் காத்திருப்பது போன்றது.

மற்ற வரலாறு பலருக்கும் தெரிந்தது. 1833இல் கோல்புறூக், கமறன் சிபாரிசுகளோடு ஆங்கிலம் உத்தியோக மொழியானது. 1880இல் கேம்பிரிட்ஜ் பரீட்சை இலங்கைக்கு வந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் கல்வி இலவசமானது, போதனை தாய்மொழிக்கு மாறத் தொடங்கியது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. 2009ஐ ஆங்கிலத்துக்கும் தகவல் தொழில்நுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசாங்கம் அறிவித்தது; அன்றைய முழக்கம் பேச்சு ஆங்கிலத்துக்கே இடம் கொடுத்தது. பேசினால் போதும், பிழையானாலும் பேசு என்று சொன்னது நல்லதுதான். அந்த உற்சாகத்தில் வாசிப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. தெற்கில் ஆங்கிலத்துக்குச் சிங்களத்தில் 'கடுவ', அதாவது வாள், என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் அந்தச் சொல்லை வைத்தே ஆங்கிலத்தின் அதிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாளுக்குப் பயந்த பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கண்ணையும் மூடிக்கொள்கிறார்கள் என்பது அவ்வளவாகத் தெரியவில்லை.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். 1986இல் கஃப், டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறன் ஒரு பக்கம், அந்த மொழியைக் கேட்டு விளங்கும் திறன் இன்னொரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதே கிரகித்தல். கூட்டல் இல்லை, பெருக்கல் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் பூச்சியமானால் விடையும் பூச்சியம். எங்கள் வகுப்புகளில் ஒவ்வொருவராக எழும்பி நின்று உரத்து வாசிக்கும் சடங்கு ஒன்று இருக்கிறது. பிள்ளை கணீரென்று வாசிக்கும், ஆசிரியர் தலையாட்டுவார், உட்கார்ந்த பிறகு கேட்டால் ஒன்றும் தெரியாது. முதல் எண் நூறு, இரண்டாவது எண் பூச்சியம்.

அந்த இரண்டாவது எண்ணைப் பூச்சியமாக்குபவை பல. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் நான் அடிக்கடி கண்டது வசன அமைப்பு. அதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எந்த வழிகாட்டிப் புத்தகமும் இதைத் தொடுவதில்லை.

தமிழில் 'மாட்டை விற்ற பையன்' என்கிறோம். விவரமெல்லாம் முன்னால் நடக்க, பெயர் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் பையன் முதலில் வந்துவிடுவான். அவனைப் பற்றிய விவரம் 'ஹூ' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும். 'த போய் ஹூ சோல்ட் த கௌ வோஸ் ஹப்பி' என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் சொல்லுக்குச் சொல் பொருள் வைத்துக்கொண்டு போனார்கள்: பையன், யார், விற்றான், மாடு, இருந்தது, சந்தோசம். "'ஹூ' எண்டா யார் தானே சேர், அப்ப இது கேள்வியா?" என்றான் ஒருவன். இன்னொருவன் தீர்மானமாக, "மாடு சந்தோசமா இருந்தது" என்றான். வகுப்பு சிரித்தது. அவன் சொன்னதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. 'வோஸ் ஹப்பி'க்கு ஒட்டினாற்போல் இடப்பக்கத்தில் நிற்பது மாடுதான். தமிழில் இப்படியான வசனத்தில் பயனிலைக்கு முன்னால் ஒட்டி நிற்பதைப் பிடித்தால் பெரும்பாலும் பிழைக்காது. அந்த நம்பிக்கையை அவன் ஆங்கிலத்துக்கும் கொண்டுபோனான். மாட்டை விற்ற சந்தோசம் மாட்டுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

'ஹூ', 'விச்', 'வென்' எல்லாவற்றையும் கேள்விச் சொற்களாகவே முதலில் படிப்பித்துவிடுகிறோம். அவை கேள்வி கேட்காத இடங்களில்தான் நீண்ட வசனங்கள் கட்டப்படுகின்றன. 'ஓல்தோ', 'அன்லெஸ்' போன்றவை வசனத்தின் தலையில் நிற்கும். நமக்கு அந்தப் பொருளைத் தருகிற 'ஆலும்', 'ஆவிட்டால்' வினையின் வாலில் தொங்கும். வாலைப் பார்த்துப் பழகிய கண் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. 'இட்' என்று வந்தால் எதைச் சொல்கிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை, ஏனென்றால் தமிழில் அந்த இடத்தில் பெரும்பாலும் ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுவோம். 'பை' என்ற சின்னச் சொல்லைக் கவனிக்காமல் விட்டால் குளத்தை அரசன் கட்டினானா, அரசனைக் குளம் கட்டியதா என்று குழப்பம்.

இதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். 'ஹூ'வுக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு, அதிலிருந்து பின்னோக்கிப் பெயரைத் தொடும் ஒரு வளைவு; பிறகு அந்தத் துண்டைத் தமிழில் ஒரே மூச்சில் 'மாட்டை விற்ற பையன்' என்று சொல்லச் செய்வது. நாலு நாள் இப்படிச் செய்தால் மாட்டுக்குச் சந்தோசம் வருவது நின்றுவிடும். சிங்களமும் இந்த அமைப்பில் தமிழ் மாதிரிதான், விவரம் முன்னால், பெயர் பின்னால். முள்ளிப்பொத்தானை முஸ்லிம் பிள்ளைக்கும் கந்தளாய்ச் சிங்களப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் ஆங்கில வினாத்தாளும் ஒன்று, சறுக்கும் இடமும் ஒன்று. இதில் இன்னொரு விசித்திரம்: சீன மொழியின் பொது வசன ஒழுங்கு ஆங்கிலத்தைப் போல இருந்தாலும், பெயருக்கு விவரம் சொல்லும்போது அவர்களும் நம்மைப்போல விவரத்தை முன்னால் வைப்பவர்கள். மாட்டை விற்ற பையனிடம் வரும்போது ஷாங்காய்ப் பிள்ளையும் தம்பலகாமத்துப் பிள்ளையும் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள்.

அடுத்தது சொல். 2000ஆம் ஆண்டில் ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கதையில் உள்ள சொற்களில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, அங்கே பொருளில்லாத கற்பனைச் சொற்களைப் போட்டுப் பார்த்தார்கள்; என் கிம்பலன் மாதிரி. ஐந்தில் ஒரு சொல் தெரியாமல் போனபோது போதிய அளவுக்கு விளங்கிக்கொண்டவர் ஒருவர்கூட இல்லை. உதவியில்லாமல் வாசித்து விளங்க நூற்றில் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். 200 சொல் பந்தி என்றால் தெரியாதவை நாலுதான் இருக்கலாம். எங்கள் பிள்ளைகளை அடிக்கோடு போடச் சொன்னால் தாளே கறுத்துவிடும். அந்த நிலையில் "சந்தர்ப்பத்தை வைத்துப் பொருளை ஊகி" என்று அறிவுரை சொல்வது வீண். ஊகிப்பதற்கு வேண்டிய சந்தர்ப்பமும் தெரியாத சொற்களால்தான் ஆகியிருக்கிறது.

இந்தக் கணக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்னமே நமது துணைக்கண்டத்தில் உணர்ந்தவர் மைக்கேல் வெஸ்ட். டாக்காவில் ஆசிரியர்களைப் பயிற்றும் பணியில் இருந்த அவர், வங்காளப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் முதலில் வேண்டியது வாசிப்பு என்று 1926இல் எழுதினார். சொற்களை அளந்து அளந்து சேர்க்கும் வாசிப்புப் புத்தகங்களைத் தயாரித்தார். 1953இல் அவர் பெயரில் வந்த ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியல் இன்றைக்கும் அடித்தளம். காலனி அதிகாரி, பேச்சை ஒதுக்கியவர் என்று அவரை விமர்சிப்பவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் பிள்ளையின் கையில் அதற்கு விளங்கக்கூடிய புத்தகத்தைக் கொடு என்ற அவருடைய பிடிவாதத்தை நாங்கள் இழந்திருக்க வேண்டியதில்லை.

சொல் தெரிந்தும் விளங்காமல் போவது உண்டு. 1979இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு. ஒரு இந்தியத் திருமணத்தையும் ஒரு அமெரிக்கத் திருமணத்தையும் வர்ணிக்கும் இரண்டு கடிதங்களை இரு நாட்டவரிடமும் வாசிக்கக் கொடுத்தார்கள். அவரவர் தங்கள் ஊர்க் கலியாணத்தை வேகமாக வாசித்தார்கள், கூடுதலாக ஞாபகம் வைத்திருந்தார்கள். மற்றவர் கலியாணத்தில் இல்லாத அர்த்தங்களை ஏற்றிவிட்டார்கள். சீதனத்தை யார் யாருக்கு ஏன் கொடுக்கிறார் என்பது தெரியாதவருக்கு அகராதி எவ்வளவுதான் உதவும்?

நிலக்கீழ் ரயிலுக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ரயில் நிலையம் உண்டு. கல்ஓயாவிலிருந்து திருகோணமலைக்குப் போகும் பாதையில் ரயில் வயலுக்கு நடுவே, வெளிச்சத்தில் வரும். மண்ணுக்குக் கீழே, படிகள் தாமே நகரும் ஒரு நிலையத்தில் கிழவர் ஏன் தடுமாறினார் என்பது அந்தப் பிள்ளைக்கு எப்படிக் கண்ணில் வரும்? லண்டனைப் பற்றி வாசிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரியாத உலகத்துக்குப் போகத்தான் வாசிப்பு. ஆனால் தெரியாத மொழியும் தெரியாத உலகமும் ஒன்றாக வந்தால் கால் வைக்க இடமில்லை. முதல் இரண்டு வருடமாவது உலகம் தெரிந்ததாக, மொழி மட்டும் புதியதாக இருக்கட்டும்.

அதற்குச் சரக்கு இல்லை என்பார்கள். திருகோணமலையைப் பற்றி ஆங்கிலத்தில் இல்லாத சரக்கா? புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற கப்பல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. கரையிறங்கிய ரொபேர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது வருடம் சிறையிருந்து தப்பிப் போய், 1681இல் புத்தகம் எழுதினார். தம்பலகாமக் குடாவுக்கு அப்பால் தெரியும் கரையில் நடந்த கதை. சிறையில் அவரிடம் இருந்த இரண்டு புத்தகங்களை மனப்பாடமாகும் வரை வாசித்தாராம். பிறகு ஒரு கிழவனிடம் கிடைத்த பைபிளைத் தான் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து வாங்கினாராம். ஜேன் ஒஸ்ரினின் தம்பி, கடற்படைத் தளபதி சார்ள்ஸ் ஒஸ்ரின் 1852இல் இறந்து புதைக்கப்பட்டது திருகோணமலைச் சவக்காலையில். ஆர்தர் சி. கிளார்க் 1956இல் சுவாமி மலையடிக் கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்து எழுதினார். சிறுமுத்து தரும் மட்டிகளுக்காக எங்கள் குடாவைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய குறிப்புகளும் உண்டு. இவற்றையெல்லாம் பத்தாம் தரத்து ஆங்கிலத்துக்கு இறக்கி, 200 சொல் பந்திகளாக்க இரண்டு ஆசிரியர்களும் ஒரு விடுமுறையும் போதும்.

வெளியிலிருந்து வந்த புத்தகத்தைப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்பதற்கு நல்ல சாட்சி சுரேஷ் கனகராஜா. யுத்தகாலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தபோது, ஒரு அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர் கிறுக்கிய குறிப்புகளையும் படங்களையும் அவர் திரட்டினார்; ஆங்கிலக் கற்பித்தலின் ஏகாதிபத்தியத்தை எதிர்கொள்வது பற்றி 1999இல் எழுதிய நூலில் அவற்றை ஆராய்ந்தார். வகுப்பில் வாய் திறக்காத மாணவர்கள் புத்தக ஓரத்தில் பாடத்தோடு சண்டை பிடித்திருந்தார்கள், கேலி செய்திருந்தார்கள், தங்கள் ஊர்ச் சங்கதியை எழுதியிருந்தார்கள். எனக்கு அந்த ஓரங்கள்தான் கிரகித்தல். நாங்களோ ஓரத்தில் எழுதினால் அடிக்கிறோம். வருட முடிவில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே.

கடைசியாக அளவு. பிஜித் தீவில் 1980, 81இல் வோரிக் எலி, பிரான்சிஸ் மங்குபாய் என்ற இருவர் கிராமப் பாடசாலைகளின் நாலாம் ஐந்தாம் வகுப்புகளுக்கு 250 கதைப் புத்தகங்கள் கொண்டுபோய் வைத்தார்கள். நல்ல படம் போட்ட ஆங்கிலக் கதைகள். தினமும் இருபது முப்பது நிமிடம் வாசிப்பு. சோதனை, கேள்வி ஒன்றும் இல்லை. ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளைகளின் வாசிப்பு, வழக்கமான வேகத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு முன்னேறியது. 'புத்தக வெள்ளம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1990களில் இலங்கையிலும் சில பாடசாலைகளில் செய்து பார்த்தபோது நல்ல பலன் கிடைத்ததாக எலி எழுதியிருக்கிறார். திட்டங்களுக்கு நமது நாட்டில் ஆயுசு குறைவு. ஆலோசகர் மாறுவார், நிதி முடியும், அலுமாரியைப் பூட்டித் திறப்பு அதிபரின் மேசைக்குப் போகும். பூட்டிய ஆங்கிலப் புத்தக அலுமாரி ஒன்றையாவது காணாமல் நான் எந்தப் பாடசாலையிலிருந்தும் திரும்பியதில்லை. புத்தகம் கிழிந்துவிடும் என்ற பயம். கிழியட்டுமே.

ஆசிரியர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒருவரே ஆறாம் தரத்திலிருந்து பதினோராம் தரம் வரைக்கும் ஓடுகிறார். பாடத்திட்டத்தை முடித்ததாகக் கையெழுத்து வைக்க வேண்டும். பெற்றோர் வந்து "எத்தனை பேப்பர் செய்தீங்கள்?" என்று கேட்கிறார்களே தவிர, "என்ன கதை வாசிச்சீங்கள்?" என்று கேட்டதாக நான் அறியேன். கடந்தகால வினாத்தாளை நான் பழிக்கவும் இல்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று மாதத்துக்கு அது வேண்டும்; நேரத்தைப் பங்கிடவும், பதற்றம் போகவும், கேள்வியின் பாவனை பழகவும் உதவும். ஒன்பதாம் தரத்திலேயே அதைத் தொடங்குவதுதான் கொடுமை. வாசித்திராத பிள்ளையிடம் வாசிப்பைச் சோதித்துக்கொண்டே இருக்கிறோம். இப்போது கைபேசியும் சேர்ந்துவிட்டது; பந்தியைப் படமெடுத்தால் தமிழ் கொட்டுகிறது. அதில் எனக்குப் பெரிய கோபமில்லை. வரியைத் தூக்கி எழுதிய பிள்ளைக்கு முன்பு தமிழில்கூடக் கதை தெரியாமல் இருந்தது, இப்போது அதாவது தெரிகிறது.

காய்ச்சல்காரர் எழும்ப ஒரு கிழமை பிடித்தது. அந்தக் கிழமையில் நானே ஒரு பந்தி எழுதிக்கொண்டு போனேன். 1986 ஏப்ரல் 20இல் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்ததைப் பற்றியது, 180 சொல். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட இரவு. 'பண்ட்', 'ஸ்லூஸ்', 'பிறீச்' என்ற மூன்று சொற்களையும் முன்கூட்டிச் சொன்னேன். முதல் இரண்டுக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. குளக்கட்டும் மதகும் அவர்கள் சைக்கிள் ஓடித் திரியும் இடங்கள். மூன்றாவதற்கு ஒருவன், "உடைப்பெடுக்கிறது, சேர்" என்றான். அகராதியில் அதைவிட நல்ல தமிழ் இல்லை. கேள்வி ஒன்றும் கொடுக்கவில்லை. வாசிக்கச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த முன்வாங்குப் பிள்ளை தலையை நிமிர்த்தினாள். தாளில் ஒரு வரியில் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"சேர், இதில பிழை இருக்கு."

"என்ன பிழை?"

"நடுச்சாமம் எண்டு போட்டிருக்கிறீங்கள். எங்கட அம்மம்மா அப்ப கந்தளாயிலதான் இருந்தவா. அது விடியப்புறம், சேர்."

நான் தாளை வாங்கி, 'மிட்நைட்' என்ற சொல்லைக் குறுக்கே வெட்டினேன்.